தெருவும் துருவும்

புதுச்சேரியில் வசிக்கும் பாக்கியம் பெற்றவர்களுக்குச் சமுத்திரராஜன் அண்டை வீட்டுக்காரன். சாயங்கால வேளையில் அவனுடைய காற்றை வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் உலாவுகிறோம். காந்தி சிலையடியில் உட்காருகிறோம். வெளியூரிலிருந்து வரும் பந்துக்கள், "உங்களுக்கென்ன, கொடுத்து வைத்தவர்கள்!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காற்றுக்குச் சமுத்திரராஜன் வாடகை வசூலிக்கிறான் என்னும் சமாசாரம் அவர்களுக்குத் தெரியாது. வாடகையை அவன் நம்மிடம் கேட்பதில்லை. ஜன்னல் கம்பியிடம் கேட்கிறான். வாசல் கேட்டின் கீலிடம் கேட்கிறான். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கம்பியிடம் கேட்கிறான். மோட்டார் வண்டி வைத்திருப்பவனிடமோ இரட்டை வாடகை!

நம்மிடம் ஒரு மோட்டார் வண்டி இருக்கிறது. 1985-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நம் தகப்பனார் வாங்கிய அம்பாஸடர், மார்க் 4. பாலேட்டு வர்ணம். தகப்பனார் காலமாகிவிட்டார், வண்டி இருக்கிறது. அதைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை பிர்லா குடும்பத்தார் 1942-இல், சுதேசித் தாகம் மிகுந்திருந்த காலத்தில், ஸ்தாபித்தார்கள். உருவம் இங்கிலீஷ்காரருடைய மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் உருவந்தான். ஆனால் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரபாராவில் வார்த்துத் தட்டி ஓட்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நாட்டுச் சாலைகளில் புழுதி படிந்து, அது நம்மவனாகிவிட்டது. 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017-இல் 'அம்பாஸடர்' என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பியூஜோ என்னும் பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி புதுச்சேரியை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அறுபத்து மூன்று வருஷம் கழித்து நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் பெயர் அவர்கள் வசம் போய்ச் சேர்ந்தது என்றால், சரித்திரத்துக்கும் கொஞ்சம் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இந்தக் கிழட்டு வண்டியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று சிநேகிதர்கள் கேட்கிறார்கள். பழமையில் மோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் அதுவல்ல. நம் தாயாருக்கு வயது எண்பத்து மூன்று. முழங்கால் இரண்டும் மடங்க மறுக்கின்றன. புது மாதிரி வண்டிகளில் ஏறுவதென்றால் குனிந்து, குறுகி, ஒரு குகைக்குள் புகுவது போல் புக வேண்டியிருக்கிறது. அம்பாஸடரில் அப்படியில்லை. கதவு அகலமாகத் திறக்கும். ஆசனம் நாற்காலி உயரத்தில் இருக்கும். இடது காலைப் படியில் வைத்து, கூரை ஓரத்தைப் பிடித்து, ராணி மாதிரி ஏறி உட்கார்ந்துவிடலாம். மாதம் ஒரு தடவை ஜிப்மருக்குப் போய் வர அவருக்கு வேறு வாகனம் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே வண்டியின் ஆரோக்கியமும் தாயாரின் ஆரோக்கியமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன.

நிற்க. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் நம் ஊருக்கு அருகே கரையேறியது. இருபத்து நாலு மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. முத்தியால்பேட்டையில் நாம் குடியிருக்கும் தெரு வாய்க்காலாயிற்று. வாய்க்கால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வண்டி இரண்டு நாள் வயிறு நனைய நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு என்ஜினை உலர்த்தி, எண்ணெய் மாற்றி, ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் நடவாதது போல் ஓடியது. சந்தோஷப்பட்டோம். தை மாதம் பிறந்ததும் சந்தோஷம் குறைய ஆரம்பித்தது. இடது பின்கதவின் அடிவிளிம்பில் பாலேட்டு வர்ணத்துக்குக் கீழே சின்னஞ்சிறு கொப்புளங்கள் எழும்பின. முதலில் நாலு. ஒரு வாரத்தில் பதினொன்று. குழந்தைக்கு அம்மை வார்த்தால் எண்ணுவதுபோல் தினமும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு இம்மாதிரி விஷயங்கள் எப்படித்தான் எட்டுமோ! ஒரு நாள் காலை வாசலில் வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். "இன்னும் ஒரு மழைக் காலம் போனால் எடைக்குத்தான் சார்" என்றார். நம் குமாரன் அவர் சொன்ன தொகையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். இவர்களை நம் ஊரில் 'சொல்தா' என்பது வழக்கம். அவரை அழைத்துக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கதவின் கீழே குனிந்து பார்த்தார்.

"லா ரூய்!" என்றார்.

"தெருவா, முசே?" என்று கேட்டோம். நம் ஊரில் தெருப் பலகைகளிலெல்லாம் 'ரூ' என்று பிரெஞ்சில் எழுதியிருப்பது ஞாபகம்.

"அது 'ரூ', தம்பி. இது 'ரூய்'. அது தெரு, இது துரு."

தமிழில் தெருவும் துருவும் எவ்வளவு நெருக்கமோ, பிரெஞ்சிலும் அவ்வளவு நெருக்கம். கடலோரத் தெருவில் குடியிருப்பவனுக்கு இரண்டும் சேர்ந்தே வரும் என்பதை இரு பாஷைக்காரர்களும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

சொல்தாப் பெரியவர் ஒரு மழுங்கின ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கினார். அதன் பிடியால் கதவை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். 'டங், டங்' என்று வந்த சப்தம் ஓரிடத்தில் 'டொப்' என்று மாறியது. "இங்கேயிருந்து ஆரம்பம். கண்ணுக்குத் தெரிகிற புள்ளியை நம்பாதே. தண்ணீரில் மிதக்கிற தாமரை இலை மாதிரி, தண்டு எங்கேயோ போகும்" என்றார்.

துரு என்பது என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இரும்பும் காற்றிலுள்ள பிராணவாயுவும் தண்ணீரும் கூடினால் துரு. உப்பு அந்த விவாகத்துக்குப் புரோகிதர். கடல் காற்றில் வரும் உப்புத் துகள் வண்டியின் மேல் படிகிறது. மழை வேண்டுமென்பதில்லை, காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை எட்டினால் போதும், உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துகொள்கிறது. நம் ஊரில் அந்த அளவை எட்டாத இரவு எத்தனை? கரைந்த உப்பு நீர் வர்ணத்திலுள்ள ஒரு கீறல் வழியாக உள்ளே போகிறது. துருவானது தான் தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுள்ளது. இடம் போதாமல் வர்ணத்தை மேலே தூக்குகிறது, கொப்புளம் தோன்றுகிறது. அதாவது, நாம் கொப்புளத்தைப் பார்க்கும்போது உள்ளே விருந்து பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த விருந்து நம் ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1866-ஆம் வருஷத்தில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலத்தில்தான் கப்பல் சரக்கெல்லாம் இறங்கியது. 1952-ஆம் வருஷப் புயலில் அது விழுந்தது. பதிலாகச் சிமெண்டுக் கான்கிரீட்டில் கட்டிய பாலத்திலும் ஒரு பகுதியை 2022 மார்ச்சில் அலைகள் சாய்த்துவிட்டன. பாலத்துக்கே இந்தக் கதியென்றால் கதவுக்குக் கேட்பானேன்?

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு நாமே வேலையில் இறங்குவதென்று தீர்மானித்தோம். பட்டறையில் விட்டால் வண்டி முழுவதும் வர்ணமடிக்க ஆகும் செலவைக் கேட்டு மயக்கம் வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

மோட்டாருக்கு வர்ணம் பூசுவதென்றால் பிரஷ்ஷும் டப்பாவும் எடுத்து உட்காருவது என்று நாம் எண்ணியிருந்தோம். முதல் ஐந்து நாளும் டப்பாவைத் திறக்கவே சொல்தா விடவில்லை. வர்ணமடிப்பது கடைசி ஒரு மணி நேர வேலையாம். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் கழிப்பது, சுரண்டுவது, கழுவுவது, மறுபடி சுரண்டுவது. கழுவுவதற்கும் எந்தத் தண்ணீர் என்று விதி இருக்கிறது. நம் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் லேசாய்க் கரிக்கும்; அதில் கழுவுவது எதிரிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமானம். குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரில் இரண்டு குடத்தை வண்டிக்குக் கொட்டியபோது இல்லத்தரசி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள். அதுவே போதுமானதாயிருந்தது.

பிறகு எமரித் தாளும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு கொப்புளத்தை உடைத்துச் சுரண்டினோம். துருவின் கரை எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தக்கூடாது. அதற்கு அப்பாலும் இரண்டு விரல்கடை நல்ல தகரம் பளபளவென்று தெரியும்வரை போக வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுக்கு அடிக்கும் வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்று நம் நாட்டில் சட்டம் அமலுக்கு வந்ததே 2017-ஆம் வருஷம் நவம்பரில்தான். 1985-ஆம் வருஷத்து மோட்டார் வர்ணத்தில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? ஆகவே உலர்ந்த தூசி பறக்க விடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை உபயோகித்தோம். மூக்குக்குக் கவசம் கட்டிக்கொண்டோம். பேரக் குழந்தைகளை வாசல் பக்கம் வரவேண்டாமென்று தடுத்தோம். வழித்ததை வாய்க்காலில் விடாமல் பழைய டப்பாவில் சேர்த்தோம்.

சுரண்டச் சுரண்ட ஒரு வண்டியின் ஜாதகம் வெளிப்படுகிறது. மேலே பாலேட்டு வர்ணம். அதற்கடியில் தகப்பனார் 1998-இல் அடித்த கொஞ்சம் மஞ்சளான ஒரு பாலேட்டு. அதற்கடியில் கம்பெனியிலிருந்து வந்த அசல். அதற்கும் அடியில் செம்மண் நிறப் பூச்சு. மரத்தை அறுத்தால் வருஷ வளையம் தெரிவது போலத் தெரிந்தது. மனத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. தகப்பனாரின் பாலேட்டு மட்டும் எங்கும் ஒரே கனமாக, ஒரு கொப்புளமும் இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் எந்தக் காரியத்தையும் ஒரு நாளில் முடித்ததாக நமக்கு ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் கதவை முடித்துவிட்டு அதற்குக் கீழே உள்ள படிக்கு வந்தோம். நம் தாயார் கால் வைத்து ஏறும் படி. அங்கே கொப்புளமே இல்லை, வழவழவென்றிருந்தது. சொல்தா ஒரு சிறு காந்தத்தைக் கொடுத்து, "ஒட்டிப் பார்" என்றார். கதவில் 'டப்' என்று ஒட்டிய காந்தம், படியில் ஒட்டாமல் கீழே விழுந்தது. மறுபடி வைத்தோம். மறுபடி விழுந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினோம். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டி பெயர்ந்து கையோடு வந்தது. உள்ளே இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், மடித்துத் திணித்த பத்திரிகைத் தாள் இருந்தது. ஈரத்தில் ஊறிப் பழுப்பேறியிருந்தாலும் தேதி படிக்க முடிந்தது: 2015-ஆம் வருஷம், ஜூன் மாதம்.

அந்தத் தாளை அங்கே திணித்த மகானுபாவன் யார் என்று நேயர்கள் யோசிக்க வேண்டாம். நாம்தான். அந்த வருஷம் ஜூலையில் வண்டியின் ரிஜிஸ்டிரேஷனைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த வண்டிகளுக்கு முதல் பதினைந்து வருஷம் முடிந்தபின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. படியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. நாள் ஒன்றுதான் பாக்கி. தாளை மடித்துத் திணித்தோம், மேலே பட்டியை அப்பினோம், தேய்த்தோம், டப்பா வர்ணத்தை 'ஸ்' என்று அடித்தோம். பளபளத்தது. வண்டி தேறிவிட்டது. நம் கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டு அன்று ஹோட்டலில் எல்லாருக்கும் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் வருகிறது. பரிசோதித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஏமாற்றுவதற்கென்றே செய்த வேலை அது.

பட்டி என்பது மாவு போன்ற பொருள். அது தண்ணீரை உறிஞ்சும். தாள் அதைவிட அதிகமாக உறிஞ்சும். பத்து வருஷ காலம் அந்தப் படிக்குள் ஈரத் துணியைச் சுற்றி வைத்தது போல் வைத்திருந்தோம். கட்டைவிரல் ஓட்டை ஒரு சாண் ஓட்டையாகிவிட்டது. அம்பாஸடருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பே எலும்பு. கதவுக்குக் கீழ் ஓடும் அந்தப் பெட்டி மடிப்புத்தான் நடு முதுகு. அதன்மேல் காலை ஊன்றி மாதம் ஒரு தடவை நம் தாயார் ஏறி இறங்கியிருக்கிறார். பத்திரிகைகளுக்குப் பலவித உபயோகங்கள் உண்டென்று நமக்குத் தெரியும். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மாதுசிரோமணியைத் தாங்குவது அவற்றில் ஒன்றல்ல.

நாமே வேலையில் இறங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டென்றோமே, அது இதுதான். படியில் 2015-இல் என்ன செய்தோமென்பது உள்ளூர நமக்கு மறக்கவில்லை. பட்டறைக்காரர் அதைத் தோண்டி எடுத்து, நாலு பேர் எதிரில், "எந்தக் கழுதை சார் இதைச் செய்தது?" என்று கேட்பதற்கு முன் நாமே பார்த்துவிடலாமென்று நினைத்தோம். பார்த்தோம். ஆனால் சொல்தாவின் எதிரில் பார்க்கும்படி ஆயிற்று. அவர் தாளைக் கையில் வாங்கிப் பிரித்து, தலைப்புச் செய்தியைப் பொறுமையாகப் படித்துவிட்டு, மடித்து நம்மிடமே கொடுத்தார். ராணுவத்தில் கற்ற மரியாதை!

அன்றிரவு தாயாரிடம் விஷயத்தைச் சொன்னோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறு வாரம் ஜிப்மருக்குப் போக வேண்டிய நாள்.

"நீ பேப்பரை வைத்து அடைத்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்" என்றார் தாயார்.

"பார்த்துமா அம்மா அதில் ஏறினீர்கள்?"

"நீ ஓட்டுகிறாய். நான் ஏறினேன். அப்பா இருந்திருந்தால் உன்னைச் சத்தம் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அதோடு சரி."

சாப்பாடு இறங்கவில்லை. தகப்பனாரின் சத்தத்தைவிட இது மோசமாயிருந்தது.

மறு நாள் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு ஒரு தகர வேலை மேஸ்திரியிடம் போனோம். வர்ணம் வீட்டில் அடிக்கலாம். வண்டியைத் தாங்கும் இரும்பை வீட்டில் ஒட்டுப்போட முடியாது. இந்த எல்லையைத் தெரிந்துகொள்ளத்தான் நமக்குப் பத்து வருஷம் பிடித்தது. மேஸ்திரி அழுகிய பகுதியை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எறிந்தார். பாட்டரி கம்பியைக் கழற்றி, பக்கத்திலிருந்த ஆசனத்தையும் மிதியடியையும் எடுத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, புதுத் தகரத்தை மடித்து வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்தார். "சார், உள்ளே மெழுகு எண்ணெய் விடாமல் மேலே மட்டும் பெயிண்ட் அடித்தீர்களானால் நாலு வருஷத்தில் மறுபடி என்னிடம்தான் வருவீர்கள்" என்றார். மறுபடி வர வேண்டாமென்று வாடிக்கைக்காரனுக்கு வழி சொல்லும் தொழிலாளி நம் நாட்டில் இருக்கிறார் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

வீடு திரும்பியதும் மிச்ச வேலை தொடர்ந்தது. சுரண்டியும் போகாமல் தகரத்தின் குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்கு ஒரு திராவகம் விற்கிறார்கள். பூசினதும் செந்துரு கறுத்துப்போகிறது. புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். துவர்ப்புச் சத்து ஒன்று, பாஸ்பாரிக் அமிலம் ஒன்று. துவர்ப்புச் சத்து என்றதும் சிரிப்பு வந்தது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் பெரியவர்கள் மை காய்ச்சினார்களே, அதுவும் இதே வித்தைதான்: கடுக்காயின் துவர்ப்பு, அன்னபேதியிலுள்ள இரும்போடு கூடிக் கறுப்பாகிறது. ஏட்டுக்கு மையானது வண்டிக்கு மருந்தாகிறது. இதைக் கேட்ட இல்லத்தரசி அடுக்களையிலிருந்து ஒரு பிடி கடுக்காய் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அளவு தெரியாமல் சுதேசி வைத்தியம் வேண்டாமென்று தடுத்துவிட்டோம்.

பாஸ்பாரிக் அமிலத்தின் சங்கதி இன்னும் ருசியானது. டில்லியில் குதுப் மினாருக்குப் பக்கத்தில் ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையுமுள்ள இரும்புத் தூண் ஒன்று ஏறக்குறைய 1,600 வருஷமாக வெட்டவெளியில் நிற்கிறது, அழுகவில்லை. மந்திரமா, மாயமா என்று உலகம் மூக்கில் விரலை வைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அவர்கள் ஆராய்ந்து காரணம் சொன்னார். குப்தர் காலத்துக் கருமார் கரி போட்டு உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது காலப்போக்கில் ஈரத்தோடு கூடி இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் போர்வையொன்றைப் போர்த்திவிட்டது. நாம் இருநூறு ரூபாய்ப் புட்டியிலிருந்து பூசும் அமிலமும் தகரத்தின்மேல் பாஸ்பேட் போர்வையைத்தான் போர்த்துகிறது. பெருமைதான். ஆனால் டில்லிக் காற்று உலர்ந்தது. அந்தத் தூணைக் கொண்டுவந்து நம் கடற்கரைச் சாலையில் நட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாராவது கேட்டால் பந்தயம் கட்ட நாம் தயாராயில்லை.

இந்தத் துருவைப் பற்றியும் ஆராய்வதற்கு நம் தமிழ்நாட்டில் காரைக்குடியில் ஒரு கூடம் இருக்கிறது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ஆம் வருஷம் ஜூலையில் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். சுதந்திரம் வந்து ஒரு வருஷங்கூட ஆகவில்லை.  அப்போது துருவைப் பற்றியும் யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால், பத்திரிகைத் தாளை மடித்து ஓட்டையில் திணித்த கைக்கு வெட்கமாயிருக்கிறது.

அமிலத்தைக் கழுவி, வெயிலில் காயவைத்த அன்றே முதற்பூச்சை அடித்துவிட வேண்டும். "நாளைக்கு ஆகட்டும்" என்பது இந்த ஊரில் செல்லாது. ஒரு நாள் சாயங்காலம் களைத்துப் போய் முன்பக்கத்து மட்கார்டில் ஒரு உள்ளங்கை அகலத்தை வெறுந் தகரமாக விட்டுவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் அதன்மேல் மஞ்சள் பூசிக் குளித்தது போல் துரு படர்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து.

முதற்பூச்சு உலர்ந்தபின் பள்ளங்களில் பட்டி. ஆம், அதே பட்டி! பொருள்மேல் குற்றமில்லை. நல்ல இரும்பின்மேல், முதற்பூச்சின்மேல், தாளின் கனத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வைத்தால் அது உத்தமமான பொருள். ஓட்டையை அடைக்க வைத்தால்தான் பாதகன். அதைத் தேய்த்து, மேலே இரண்டாம் பூச்சு அடித்து, 400-ஆம் நம்பர் தாள், 600-ஆம் நம்பர் தாள் என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கொண்டே போனால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படாத நிலை வரும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. நம் தாயாரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் விரலால் தடவிச் சம்மதித்த பிறகுதான் மேலே போனோம்.

வர்ணக் கடையில் 'பாலேட்டு நிறம்' என்று கேட்டால் எட்டு விதம் காட்டினார்கள். பெட்ரோல் வாயின் மூடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஒத்தபடி கலக்கச் சொன்னோம். இப்போது இரண்டு மருந்து கலந்து அடிக்கும் வர்ணம் வந்திருக்கிறது. கண்ணாடி போல் மின்னும். ஆனால் அதை விசிறி அடிக்கும்போது எழும் புகையிலுள்ள ஐசோசயனேட் என்னும் வஸ்து மூச்சுக் குழாயைக் கெடுக்கும். வீட்டு வாசலில் துணி கட்டிக்கொண்டு அடிக்கக்கூடியதல்ல. ஆகவே பழைய மாதிரி டூக்கோ வர்ணமே வாங்கினோம். 1920-களில் அமெரிக்காவில் இது வருவதற்கு முன் ஒரு மோட்டாருக்கு வர்ணம் காய வாரக்கணக்கில் பிடித்ததாம். இதுவோ சில நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

சீக்கிரம் காய்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறதென்று அனுபவத்தில் கண்டோம். கதவுக் கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் வர்ணம் படாதபடி தாள் ஒட்டினோம். "இந்தத் தடவை பத்திரிகையை வெளியில் மட்டும் ஒட்டுங்கள்" என்றாள் இல்லத்தரசி. பேசாமல் ஒட்டினோம். ஒட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஐந்து மணி ஆயிற்று. கொண்டல் காற்று எழும்பியது. ஆசை யாரை விட்டது? அடித்தோம். அழகாக விழுந்த வர்ணம் கண் எதிரிலேயே சுண்ணாம்பு தெளித்தது போல் வெளுத்துப் பூத்துவிட்டது. தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் வர்ணத்தின்மேல் பனியாய் இறங்கிவிடுகிறது என்று சொல்தா விளக்கினார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொன்னால் கேட்டிருப்பாயா, தம்பி?" என்றார்.

மறுபடி தேய்த்து, இரண்டு நாள் பொறுத்து, மாசி மாத வெயிலில் காலை பதினொரு மணிக்கு, மெல்லிய பூச்சாக ஆறு தடவை அடித்தோம். ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி. படிக்குள் மெழுகு எண்ணெயைக் குழாய் வைத்துச் செலுத்தினோம். பத்து நாள் கழித்துத் தேய்த்து மெருகிட்டோம். வண்டி முழுவதற்கும் இடது பின்கதவு மட்டும் ஒரு சாயல் வெளுப்பாக இருக்கிறது. நாற்பது வருஷ வெயில் குடித்த வர்ணத்துக்கும் நேற்றுப் பிறந்த வர்ணத்துக்கும் அந்த வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

ஜூலையில் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். முன்பு 600 ரூபாயாயிருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆகியிருந்தது, கட்டினோம். கையில் ஒரு காந்தத்தையும் எடுத்துச் சென்றிருந்தோம். "ஒட்டிப் பாருங்கள் சார்!" என்று நாமே நீட்டினோம். அவர் நம்மை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, பிரேக்கைக் காட்டச் சொன்னார்.

இவ்வளவுக்கும் மூல காரணம் என்னவென்று சொல்லாமல் விட்டோமே! கதவுக்குள் இறங்கும் மழை நீர் வெளியேற அதன் அடிவிளிம்பில் தீக்குச்சி நுழையும்படியான மூன்று துவாரங்களைக் கம்பெனிக்காரர்களே வைத்திருக்கிறார்கள். நம் வாசல் வேப்ப மரத்தின் சருகும் புழுதியும் சேர்ந்து மூன்றையும் அடைத்திருந்தன. எத்தனை வருஷமாகவோ!

இப்போது பிரதி வெள்ளிக்கிழமையும் காலையில், வாசல் தெளித்துக் கோலம் போட்டானதும், துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிறோம். போன வாரம் பழைய இரும்பு வியாபாரி அந்தப் பக்கம் வந்தார். நம் கால்கள் இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "சார் இல்லையா?" என்று திண்ணையில் இருந்த தாயாரிடம் விசாரித்தார்.

"வண்டிக்குக் காது குடைந்துகொண்டிருக்கிறான்" என்றார் தாயார்.